தீக்காய வலியும் அறிதுயிலும்: ஒரு மதிப்பீடு

அறிதுயில் என்பது ஒருவரின் கவனத்தை ஒன்றில் குவியச் செய்து, சொல்லப்படும் குறிப்புகளை அவர் மனம் எளிதில் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவரும் முறையாகும். இது மனோவசியம், ஹிப்னாடிசம் என்றும் வழங்கப்படுகிறது. தீக்காய வலியைத் தணிக்கும் துணைமுறையாக இது ஆராயப்பட்டுள்ளது. இதன் பயனை மிகைப்படுத்துவோரும் உண்டு, முழுதும் மறுப்போரும் உண்டு. இரண்டுமே சான்றுகளுக்குப் பொருந்தவில்லை.

இந்தியாவில் முன்வரலாறு

ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில், அறிதுயிலின் முன்னோடியான மெஸ்மரிச முறையில் அறுவை மருத்துவம் செய்தார். அப்போது ஈதர், குளோரோஃபார்ம் மயக்க மருந்துகள் நடைமுறைக்கு வரவில்லை. அவருடைய முதல் நோயாளி ஒரு கைதி. 1846இல் அரசு அமைத்த குழு அவருடைய அறுவைகளை நேரில் பார்த்தது. வலி தெரியவில்லை என்று பின்னர் கூறிய சிலரிடமும் உடல் முறுக்கலையும் முகச்சுளிப்பையும் அக்குழு கண்டது. எஸ்டெய்லைப் புகழும் கட்டுரைகள் பலவும் இதைச் சொல்வதில்லை. வெள்ளைக்கார மருத்துவர் முன் ஒரு கைதி கத்தவில்லை என்பதாலேயே அவருக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஆய்வுகள் கூறுவது

தீக்காயத்தில் வலி இருவகை. படுத்திருக்கும்போதும் தொடர்வது ஒன்று. கட்டுப் பிரிக்கும்போதும் புண்ணைக் கழுவும்போதும் எழுவது மற்றொன்று. இரண்டாவது வகையையே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் பேட்டர்சன் குழுவினர் ஆராய்ந்தனர். கட்டு மாற்றுவதற்கு முன்பே உளவியலாளர் நோயாளியை அறிதுயிலுக்குப் பழக்குவார். பின்னர் செவிலியர் தோளைத் தொடுவதே நினைவூட்டும் குறியாகும்.

1992இல் 30 பேரிடம் நடந்த ஆய்வில் அறிதுயில் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. 1997இல் 61 பேரிடம் நடந்த ஆய்வில், தொடக்கத்திலேயே கடும் வலி இருந்தவர்களிடம் மட்டுமே பயன் தெளிவாகத் தெரிந்தது. 2007இல் வெளிவந்த ஆய்வில் ஒரு வினாத்தாள் வலி குறைந்ததாகக் காட்டியது. மற்ற அளவுகோல்கள் அவ்வாறு காட்டவில்லை. பயன் உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை என்பதே இவற்றின் சாரம். வலிநீக்கி மருந்துகளை நிறுத்திவிட்டு இம்முறை செய்யப்படவில்லை என்பதும் முக்கியம்.

விழுப்புரம் சூழலில்

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் தீக்காயம் பட்டவர் முதலில் சேர்வது அரசு மருத்துவமனையில்தான். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் உள்ளது. இங்கு அறிதுயிலைக் கொண்டுவருவதானால் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மொழி. ஆய்வில் பயன்பட்ட ஆங்கில வாசகம் இருபது படிகளில் இறங்குவதாகக் கற்பனை செய்யச் சொல்கிறது. அதை மொழிபெயர்ப்பதைவிடக் கோயில் குளத்துப் படிகளில் இறங்கித் தண்ணீரில் கால் வைப்பதாகச் சொன்னால் இவ்வூர் மக்களுக்கு எளிதில் மனத்தில் படியும்.

இரண்டாவது, பெயர். 'மனோவசியம்' என்றதும் மேடை வித்தையும் மாந்திரீகமும் நினைவுக்கு வருகின்றன. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு மருத்துவத்தைத் தள்ளிப்போடுவோருக்கு இச்சொல் தவறான துணிவைத் தரும். தீக்காயத்தின்மேல் உடனே குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிடுவதும் மருத்துவமனைக்குச் செல்வதுமே முதல் கடமை.

மூன்றாவது, வாக்குமூலம். கடுமையாக எரிந்த பெண்களிடம் நீதித்துறை நடுவர் வாக்குமூலம் பெறுவது வழக்கம். சொல்பவர் தெளிந்த நினைவுடன் உள்ளார் என மருத்துவர் சான்றளிப்பார். பிறர் குறிப்புகளை ஏற்கும் நிலைக்கு மனத்தைக் கொண்டுசெல்லும் முறை அதற்கு முன் கையாளப்பட்டால், அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு உள்ளாகலாம். ஆகவே வாக்குமூலம் முடிந்த பிறகே அறிதுயில் அளிப்பது தகும். அதுவரை மருந்தால் வலியைக் குறைப்பதில் தாமதம் கூடாது.

மதிப்பீடு

அறிதுயிலுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவரும் சிறிது நேரமும் போதும். அதனாலேயே மருந்துக்கு மாற்றாக இதை மலிவாக வழங்கிவிடும் ஆபத்தும் உண்டு. நோயாளி சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்த்துப் பயனை முடிவுசெய்யாமல், வலி எவ்வளவு என்று அவரிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஹூக்ளி தரும் பாடம் இதுவே.