வீட்டுப்பாடத்தில் இடறும் சிகிச்சை

மனச்சோர்வுக்கான பேச்சுவழிச் சிகிச்சைகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டது சிபிடி எனப்படும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் உருவாக்கியது. மனதில் தானாக ஓடும் எண்ணங்களை அப்படியே நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் சோர்வின் பிடி தளரும் என்பதே இதன் அடிப்படை. என்ன நடந்தது, என்ன நினைத்தேன், அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று கட்டம் போட்டு எழுதி அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும். மனச்சோர்வோடு ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடும் சேர்ந்தவரிடம் இந்த முறை இரண்டு இடங்களில் இடறுகிறது. அப்படிப்பட்டவர்கள் அரிதானவர்களும் அல்ல. 2006இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வொன்றில், ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் கடும் மனச்சோர்வு இருந்தது தெரியவந்தது.

முதல் இடறல், சான்று கேட்கும் இடத்தில். ‘நான் எதையும் முடிப்பதில்லை’ என்று சோர்வுற்றவர் சொன்னால், முடித்தவற்றை நினைவூட்டி அந்த எண்ணத்தைத் தளர்த்தலாம். ஏடிஹெச்டி உள்ளவரிடமோ சான்று குவிந்து கிடக்கிறது: பாதியில் நின்ற படிப்பு, தவணை தவறிக் கட்டிய அபராதம், பதில் போடாததால் விட்டுப்போன நட்பு. நடந்தவை உண்மை, ‘ஆகவே நான் உருப்படாதவன்’ என்ற முடிவுதான் பொய். இந்த வேறுபாட்டைக் காணாத சிகிச்சையாளர், நோயாளி பட்ட இழப்புகளையே மறுக்கிறவராகிவிடுவார். இன்னொன்றும் உண்டு. ‘பத்து நிமிஷ வேலைதானே, ராத்திரி பார்த்துக்கலாம்’ என்ற நினைப்பில் சோகமே இல்லை. ஆனாலும் மறுநாளின் சோர்வுக்கு வித்திடுவது அதுதான். இருண்ட எண்ணங்களை மட்டும் தேடும் சிகிச்சையின் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது.

இரண்டாவது இடறல் வீட்டுப்பாடம். நினைவு வைத்தல், திட்டமிடல், தொடங்குதல், முடித்தல் என எந்தத் திறன்கள் பழுதுபட்டு அவர் வந்தாரோ, அவற்றையே சிகிச்சை முன்பணமாகக் கேட்கிறது. தாள் தொலைகிறது. ‘இதைக்கூடச் செய்யத் துப்பில்லை’ என்ற வெட்கம் சேர்கிறது. மூன்றாவது வாரம் ஆளே வருவதில்லை.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர்களில் முக்கியமானவர், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்டீவன் சாஃப்ரென். அவரது குழு எண்ணங்களை ஆராய்வதைப் பின்னால் தள்ளி, ஒரே நாட்காட்டி, ஒரே பணிப்பட்டியல் என்ற பழக்கத்தை முன்னால் வைத்தது. ஒரு பயிற்சியைப் பார்ப்போம். சலிப்பான வேலையில் எத்தனை நிமிடம் ஒருவரின் கவனம் நிற்கிறது என்று முதலில் அளக்கிறார்கள். அந்த அளவுக்கு அலாரம் வைத்து அவர் வேலையைத் தொடங்குகிறார். நடுவே ‘அந்த மெயிலைப் பார்க்கணும்’ என்று தோன்றினால் எழுந்து போகாமல் பக்கத்துத் தாளில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். அலாரம் அடித்த பிறகே குறித்ததைப் பார்க்கிறார். பெரும்பாலும் அது அவசரமானதாக இருப்பதில்லை. மன உறுதியைக் கூட்டு என்று இந்தப் பயிற்சி உபதேசிப்பதில்லை. இருக்கும் கவனத்துக்கு ஏற்றாற்போல் வேலையை வெட்டித் தருகிறது. இம்முறையின் பெரிய பலம் இதுவே: குறையை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல், வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கிறது.

பலனுக்கும் ஆதாரம் உண்டு. சாஃப்ரென் குழு 86 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட சோதனையில், இச்சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதம் பேரிடம் ஏடிஹெச்டி அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. ஒப்பீட்டுக்காகத் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களிடம் இது 33 சதவீதமே.

ஆனால் அந்தச் சோதனையில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லோரும் ஏற்கெனவே ஏடிஹெச்டிக்கு மருந்து எடுத்துவந்தவர்கள். நடுத்தரம் முதல் கடுமை வரையிலான மனச்சோர்வு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. நாட்காட்டியைத் திறக்கவே கை எழாதவருக்கு இது உதவுமா என்ற கேள்விக்கு இந்த எண்களில் விடை இல்லை. இரண்டு நோய்களும் சேர்ந்தவருக்கு நிரூபணமான சிகிச்சை என்று இதை முன்வைப்பது மிகை. வீட்டுப்பாடச் சுமையும் உருமாறியதே தவிர ஒழியவில்லை. நாட்காட்டியை நாள்தோறும் பார்ப்பதும் வீட்டுப்பாடம்தான்.

இந்த இடைவெளியை நிரப்பும் வழிக்குக் கோவாவில் ஒரு தடயம் இருக்கிறது. விக்ரம் படேல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்தவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். எண்ணங்களோடு வாதாடாமல், சின்னச் சின்னச் செயல்களுக்குத் திரும்ப வைப்பதே அதன் மையம். ஆறு முதல் எட்டு அமர்வுகள். தேவைப்பட்டால் வீட்டுக்கே போனார்கள். அது ஏடிஹெச்டிக்கென்று வகுத்ததல்ல. ஆனால் வர முடியாதவரைத் தேடிப் போவதும், நினைப்புக்கு முன் செயலைத் தொடுவதும் இந்த இரட்டைச் சுமைக்கு நேராகப் பொருந்தும் பாடங்கள்.

எனவே தழுவல் இன்னும் ஒரு படி போக வேண்டும். முதல் வாரங்களில் வீட்டுப்பாடத்தை அமர்விலேயே, சிகிச்சையாளர் பக்கத்திலிருக்கும்போதே செய்ய வேண்டும். வாரத்தின் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு சிகிச்சையின் அங்கமாக வேண்டும். செய்யாமல் வந்தவரிடம் ‘ஏன் செய்யலை?’ என்று கேட்காமல், எந்த இடத்தில் நின்றுபோனது என்று சேர்ந்து தேட வேண்டும். தாள் தொலைந்ததா, தொடங்கவே முடியவில்லையா, பொழுது போனதே தெரியவில்லையா என்பதற்கேற்பத் தீர்வு மாறும். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். மருந்து தேவையென்றால் தயங்கக் கூடாது. பாதியில் நின்றுவிட்டவர்களை ‘ஒத்துழைக்காதவர்கள்’ என்று கோப்பில் எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர்கள் ஏன் நின்றார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காத வரை, இந்தச் சிகிச்சையின் வெற்றிக் கணக்கு அரைக் கணக்குதான்.