நேசமும் உரிமையும்: ஜனாதிபதி உரையொன்றுக்கு ஒரு மாணவியின் மறுமொழி

2009 மே 19ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ஆற்றிய உரை யுத்த வெற்றியின் பிரகடனமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. குடியியல் உரிமை பற்றிய உரையாக அதனை நோக்கும் முயற்சி அரிதாகவே எமது கண்ணிற் பட்டுள்ளது. பேராதனையில் எமது மாணவியொருவர் திறனாய்வுப் பயிற்சிக்கென எழுதிய கட்டுரை அவ்வாறு நோக்குகிறது. அவர் கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் தொழிலாளர் குடும்பத்தவர்.

அவ்வுரையில் ஜனாதிபதி தமிழிலும் சில வாக்கியங்கள் பேசினார். யாவரும் அச்சமின்றிச் சம உரிமையுடன் வாழவேண்டுமென்றார். அதே உரையில், சிறுபான்மையினர் என்ற சொல்லுக்கு இனி இடமில்லை. நாட்டை நேசிப்போர், நேசியாத சிறு குழுவினர் என இரு வகையினரே உளர் என்றும் கூறினார். இவ்விரு கூற்றுக்களையும் மாணவி அருகருகே வைக்கிறார். உரிமை சட்டத்தால் உறுதிப்படுவது. நேசமோ பிறரால் மதிப்பிடப்படுவது. மதிப்பிடுபவர் யார் என்பதே அவரது வினா.

இவ்விடத்திற் கட்டுரை வரலாற்றுக்குள் நுழைகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருடைய முன்னோரிடம் நேசத்தைக் கேட்கவில்லை, பத்திரங்களைக் கேட்டது. இங்கு பிறந்தமை போதாது. தந்தையின் பிறப்பை, அன்றேற் பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்பையும் நிறுவ வேண்டியிருந்தது. தோட்டங்களிற் பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலம் அது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்ப்பதென விட்டுவைத்தது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. பத்திரம் கேட்டாலும் நேசம் கேட்டாலும் குடிமகன் மனுதாரனாகவே நிற்கிறான் என்ற மாணவியின் முடிபு, தேர்ந்த ஆய்வாளர் பலருக்கும் வாய்க்காத தெளிவுடையது.

ஆயினும் கட்டுரை முழுவதிலும் வரும் 'தமிழராகிய நாம்' என்ற தொடர் எமக்கு உடன்பாடன்று. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தபோது ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். செல்வநாயகம் பிரிந்து சென்றார். எந்தத் தமிழர் 'நாம்'? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்தின் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. அவ்வாக்கைப் பறித்தமையில் இனப்பகையுடன் வர்க்க அச்சமும் கலந்திருந்தது. (இடதுசாரிகள் அன்று எதிர்த்தனர் என்பது உண்மை. சிறுபான்மையினருக்கான 29ஆம் பிரிவு இடம்பெறாத 1972ஆம் ஆண்டு யாப்பை வரைந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா என்பதும் உண்மை. இதனைச் சொல்லாது விடும் மார்க்சிய எழுத்தில் எமக்கு நம்பிக்கையில்லை.)

அரசியல் விடுதலை மனித விடுதலையாகிவிடாது என்பது 'யூதர் பிரச்சினை பற்றி' என்ற கட்டுரையில் மார்க்ஸ் விளக்கியது. வாக்குரிமை பெற்ற பின்னரும் லயன் அறைகளில் வாழ்வோருட் பெரும்பாலோர்க்கு அவை நிற்கும் நிலம் உரித்தாகவில்லை. மாணவி இதனை ஓரிடத்தில், ஒரே வாக்கியத்தில் தொட்டுச் செல்கிறார். தபால் வந்தாற் கூடத் தோட்டத் துரையின் முகவரிக்கே வருகிறது என்பதே அவ்வாக்கியம். அதனை விரித்தெழுதுமாறு கேட்டுள்ளோம்.