செயின்ட் ஆங்கர்: தகர டப்பா மட்டும்தான் குற்றவாளியா?

மெட்டாலிகாவின் 'செயின்ட் ஆங்கர்' (2003) பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் திட்டுவது அந்த ஸ்னேர் டிரம் சத்தத்தை. ஸ்னேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டிச் சுருள் கம்பிகள் இருக்கும். அவை தோலோடு சேர்ந்து அதிர்வதால்தான் 'சரக்'கென்ற அந்த வெடிப்பு வரும். லார்ஸ் உல்ரிச் கம்பிகளை விலக்கி வைத்துவிட்டு வாசித்தார். விளைவு, 75 நிமிடமும் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி டங் டங்.

என்னைக் கேட்டால் அந்தச் சத்தம் ஒரு சாக்கு. பத்து தடவை கேட்டால் காது பழகிவிடும். (எனக்குப் பழகிடுச்சு, வீட்டில் மற்றவர்களுக்கு இல்லை.) பழகிய பிறகும் ஆல்பம் அலுக்கிறதே, அதற்குத்தான் காரணம் தேடணும்.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 8 பாடல்கள், ஏறக்குறைய 55 நிமிடம். தலைப்புப் பாடல் மட்டுமே எட்டரை நிமிடம். ஆனால் நடுவில் வேகம் அடங்குகிறது, ஹெட்ஃபீல்ட் ஒரு சோலோ வாசிக்கிறார், பிறகு மெல்ல மெல்ல ஏறி ஹேமட்டின் சோலோ வெடிக்கிறது. நேரம் போவதே தெரியாது. செயின்ட் ஆங்கரின் 'இன்விசிபிள் கிட்' பாடலும் எட்டரை நிமிடம்தான். சரக்கு என்னவோ நாலு நிமிடத்துக்குத்தான் இருக்கிறது. அதே ரிஃப் போகும், வரும், மறுபடி போகும்.

இது எப்படி நடந்தது என்பதை 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' (2004) ஆவணப்படம் ஒளிக்காமல் காட்டுகிறது. 2001 தொடக்கத்தில் ஜேசன் நியூஸ்டெட் விலகினார்; ஆல்பத்தில் பேஸ் வாசித்தது தயாரிப்பாளர் பாப் ராக். ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்காகச் சிகிச்சைக்குப் போக, மாதக்கணக்கில் வேலை நின்றது. குழு உடையாமல் பார்த்துக்கொள்ள மாதம் 40,000 டாலருக்கு ஓர் ஆலோசகர். முன்பெல்லாம் ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும் ரிஃப்களைச் சலித்தெடுத்துப் பாட்டைக் கட்டிவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்கு வருவார்கள். இப்போது எல்லோரும் ஒரே அறையில் வாசித்தார்கள், எல்லோரும் வரி எழுதினார்கள், நல்ல துண்டுகளை வெட்டி புரோ டூல்ஸில் ஒட்டினார்கள். எங்கள் தொழிலில் சொல்வதானால், எல்லோரும் கமிட் பண்ணலாம், ரிவ்யூ பண்ண ஆளில்லை. "இது வேண்டாம்" என்று யாராவது அழுத்திச் சொன்னால் குழுவே கலைந்துவிடும் என்ற பயம் அந்த அறையில் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வெட்டத் துணிந்த ஒரே விஷயம் கிதார் சோலோ. சோலோ இல்லாவிட்டால் அதுவே இந்தக் காலகட்டத்தின் முத்திரையாகிவிடும் என்று ஹேமட் படத்தில் வாதாடுகிறார். எடுபடவில்லை. அவர் சொன்னதுதான் நடந்தது.

பாட்டுகளே மோசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏறக்குறைய 9 நிமிடம் ஓடும் கடைசிப் பாடல் 'ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்' ஒன்று போதும் சாட்சிக்கு. 2018இல் அதையே சுருக்கி, மின்சாரக் கிதார் இல்லாமல் வாசித்தார்கள். 2019இல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனி கச்சேரியிலும் வந்தது. கத்தலுக்கு அடியில் அப்படி ஒரு சோகமான மெட்டு ஒளிந்திருந்தது 2003இல் யாருக்கும் கேட்கவில்லை. முதலில் சிம்பொனி வடிவத்தைக் கேளுங்கள், பிறகு மூலத்துக்குப் போங்கள். மாற்றிக் கேட்டால் பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள்.