லிங்கனின் தாய்வழி: சான்றுகளை நிறுத்துப் பார்த்தால்

1793 ஜனவரி 8. கென்டக்கியின் நெல்சன் மாவட்டத்தில் ஜோசப் ஹேங்க்ஸ் என்ற குடியானவர் உயில் எழுதுகிறார். மகன்கள் ஐவருக்கும் தலைக்கு ஒரு குதிரை. மகள்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கிடேரிக் கன்று. நான்சி என்ற மகளுக்கு வந்த கன்றின் பெயர் பைடி. இந்த உயிலை அடித்தளமாக வைத்து 1899இல் கரோலின் ஹேங்க்ஸ் ஹிட்ச்காக் ஒரு புத்தகம் எழுதினார். பைடியைப் பெற்ற நான்சிதான் ஆபிரகாம் லிங்கனின் தாய், ஆகவே லிங்கனின் தாய் முறைப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது அவருடைய வாதம்.

அப்படி ஒரு வாதம் தேவைப்பட்டதற்குக் காரணம் வில்லியம் ஹெர்ண்டன். இல்லினாய்ஸில் லிங்கனோடு கூட்டாக வழக்கறிஞர் தொழில் நடத்தியவர். 1850 வாக்கில் மெனார்ட் மாவட்ட நீதிமன்றத்துக்கு இருவரும் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, தன் தாய் லூசி ஹேங்க்ஸ் என்பவருக்கும் வர்ஜீனியாவின் நல்ல குடியில் பிறந்த ஒரு பண்ணையாருக்கும் மணமின்றிப் பிறந்தவர் என்று லிங்கன் சொன்னதாக 1889இல் வெளிவந்த தம் நூலில் ஹெர்ண்டன் எழுதினார். சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு தலைவரின் தாயைப் பற்றி இப்படி எழுதியது பலருக்குப் பொறுக்கவில்லை. அதன்பின் நான்சி ஹேங்க்ஸைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அவருடைய மானத்தைக் காக்கவோ குலைக்கவோ எழுதியவர்கள்தான். தாயின் பிறப்பு எப்படி இருந்தாலும் லிங்கனின் பெருமையில் ஓர் எள்ளளவும் குறையாது. ஆனால் நடந்தது என்ன என்ற கேள்விக்கு மரியாதை உண்டு. அதைச் சான்றுகளோடுதான் எதிர்கொள்ள வேண்டும்.

தந்தைவழியை முதலில் முடித்துவிடலாம். 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து, நெசவாளி ஒருவரிடம் தொழில் பழகும் பையனாகக் கப்பலேறிய சாமுவேல் லிங்கன் மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரில் குடியமர்ந்தார். அவருடைய மகன் மோர்டெகாய், கொல்லர். பேரனுக்கும் அதே பெயர். அவர் நியூ ஜெர்சி வழியாகப் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் பகுதிக்குப் போனார். 1733இல் அவர் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது. அந்தப் பேரனின் மகன் ஜான் 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக்கரைக்கு இறங்கினார். ஜானின் மகன் கேப்டன் ஆபிரகாம் கென்டக்கி போய், வெள்ளையர் அப்போதுதான் அபகரித்துக்கொண்டிருந்த நிலத்தில் வேலை செய்கையில் 1786இல் பூர்வகுடி வீரன் ஒருவனின் குண்டுக்கு இரையானார். அவருடைய இளைய மகன் தாமஸ். தாமஸின் மகன் 16ஆம் குடியரசுத் தலைவர்.

இந்தச் சங்கிலி லிங்கனுக்கே முழுதாகத் தெரியாது. 1848இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது ஹிங்ஹாமின் சாலமன் லிங்கனுக்கும் வர்ஜீனியாவின் டேவிட் லிங்கனுக்கும் கடிதம் எழுதிக் கேட்டார். 1859இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தம் குடும்பத்தை இணைக்கும் முயற்சி பெயர்களின் ஒற்றுமையைத் தாண்டவில்லை என்று ஒதுக்கிவிட்டார். மோர்டெகாய், ஏனோக், லேவி என இரு பக்கமும் திரும்பத் திரும்ப வந்த அந்தப் பெயர்கள்தான் சரியான தடயம். பின்னால் வந்தவர்கள் அந்தத் தடயத்தைப் பத்திரங்களால் உறுதி செய்தார்கள். கேப்டன் ஆபிரகாமின் நிலச் சீட்டில் 'லிங்க்ஹார்ன்' என்று எழுதியிருந்ததை வைத்து இது ஜெர்மானியக் குடும்பம் என்று சிலர் சொன்னதும் 1909இல் மேரியன் டெக்ஸ்டர் லேர்னட் எழுதிய ஆய்வுக்கு முன் நிற்கவில்லை. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது.

குடும்ப நினைவு எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்பதையும் இந்த வழியே காட்டுகிறது. பாட்டனார் கொல்லப்பட்டது 1784 வாக்கில் என்று லிங்கன் நம்பினார். ஆவணங்கள் சொல்வது 1786. நிகழ்வை நினைவு காப்பாற்றியது, ஆண்டை நழுவவிட்டது. இந்த அளவுகோல் தாய்வழிக்கும் உதவும்.

தந்தைவழி இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் நிலம். ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு விற்பனைப் பத்திரம், ஒரு கொள்முதல் பத்திரம், சாகும்போது மகன்களைப் பெயர் சொல்லும் உயில். பெண்கள் அந்தப் பதிவேடுகளின் ஓரத்தில்தான் தட்டுப்படுகிறார்கள். கேப்டன் ஆபிரகாமின் மனைவி யார் என்பதிலேயே நெடுநாள் குழப்பம் இருந்தது. மேரி ஷிப்லி என்று பலர் எழுதினார்கள். வர்ஜீனிய நிலத்தை விற்ற பத்திரத்தில் பத்சேபா என்ற பெயர் இருக்கிறது. அது இல்லையென்றால் லிங்கனின் சொந்தப் பாட்டியின் பெயரே நமக்குத் தவறாக வந்திருக்கும்.

இனி தாய்வழி. ஹிட்ச்காக்கின் வாதம் எளிதில் உடைகிறது. உயிலில் உள்ள நான்சி 1799இல் டென்னிஸ் ஹேங்க்ஸ் என்ற மகனைப் பெற்று, பின்னர் லீவை ஹாலை மணந்தவர். லிங்கனின் தாயோ 1806 ஜூன் 12 அன்று வாஷிங்டன் மாவட்டத்தில் தாமஸை மணந்தவர். ஒரே பெயரில் இரண்டு பெண்கள், அவ்வளவுதான். குடும்பங்கள் நாலைந்து பெயர்களையே சுழற்றி வைத்த ஊரில் பெயர்ப் பொருத்தம் மட்டும் சான்றாகாது.

இரண்டாவது கட்சி லூயிஸ் வாரனுடையது, 1926. லூசி பிறப்பால் ஷிப்லி. ஜோசப்பின் மகன் ஜேம்ஸ் ஹேங்க்ஸை மணந்து நான்சியைப் பெற்றார். கணவர் இறந்தபின் ஹென்றி ஸ்பாரோவை மறுமணம் செய்துகொண்டார் என்பது அதன் சாரம். வாரன் சிரத்தையான ஆய்வாளர். கென்டக்கி நீதிமன்றங்களின் பழைய பதிவேடுகளைத் துருவியவர். அவர் கட்சிக்கு உதவியது 1806ஆம் ஆண்டுத் திருமணப் பிணைப் பத்திரம். அதில் ரிச்சர்ட் பெர்ரி 'காப்பாளர்' என்று கையெழுத்திட்டிருக்கிறார். பெர்ரி குடும்பத்தில் ஷிப்லிப் பெண் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆனால் நான்சிக்கு அப்போது 22 வயது. சட்டப்படி காப்பாளரே தேவையில்லை. அவர் யார் வீட்டில் தங்கியிருந்தார் என்பதற்கு அந்தச் சொல் சான்றாகலாம். யாருடைய இரத்தம் என்பதற்கு ஆகாது.

மூன்றாவது கட்சி வில்லியம் பார்ட்டனுடையது, 1929. லூசி ஜோசப்பின் மகள். மணமாகாமல் நான்சியைப் பெற்றவர். 1789 நவம்பரில் மெர்சர் மாவட்டப் பெருநடுவர் குழு முறையற்ற உறவுக்காக லூசி ஹேங்க்ஸ் மீது குற்றம் சாட்டியது. 1790 ஏப்ரலில் திருமணப் பிணை, 1791 ஏப்ரலில் ஹென்றி ஸ்பாரோவுடன் திருமணம். பலருக்கு இதுவே போதுமான நிரூபணம். எனக்கு இல்லை. நான்சி பிறந்தது 1784 வாக்கில். ஐந்து ஆண்டு கழித்து வந்த ஒரு குற்றச்சாட்டு 1784இல் நடந்ததைச் சொல்லாது. கணவனை இழந்த இளம்பெண் மீதும் அதே குற்றச்சாட்டு வந்திருக்கலாம். ஒரு பெண்ணின் ஒரு காலத்து நடத்தையை எடுத்து அவள் வாழ்க்கை முழுவதற்கும் பூசுவது ஆய்வாகாது. ஜோசப்பின் உயிலில் லூசி பெயர் இல்லாததை வைத்து அவரைத் தந்தை தள்ளிவைத்தார் என்று பார்ட்டன் தரப்பில் சொல்வதும் ஊகமே.

இந்த முடிச்சை அவிழ்த்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மகளுக்கு மாறாமல் இறங்குவது அது. ஸ்பாரோ வழியில் லூசிக்குப் பிறந்த மகள்களின் சந்ததியினரையும், ஜோசப்பின் மனைவி ஆன் ஹேங்க்ஸின் பெண்வழிச் சந்ததியினரையும், ஷிப்லிப் பெண்களின் சந்ததியினரையும் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. லூசியின் வழியும் ஆனின் வழியும் எக்ஸ்1சி என்ற மிக அரிய வகையில் ஒத்துப்போயின. ஷிப்லி வழி ஒத்துப்போகவில்லை. லூசி ஆனின் மகள். ஆகவே அவர் ஷிப்லி இல்லை, ஜேம்ஸின் மனைவியாகவும் இருந்திருக்க முடியாது. ஜேம்ஸ் அவருக்கு உடன்பிறந்தவர் ஆகிவிடுவாரே. வாரனின் கட்சி இங்கே முடிகிறது. உயிலில் பெயர் இல்லாத ஒரு மகள் இருந்தார் என்பதும் தெளிவாகிறது. அந்த உயில் முழுக் குடும்பப் பட்டியல் அல்ல.

ஆனால் இந்தச் சோதனையிடம் அது சொல்லாததைக் கேட்கக் கூடாது. லிங்கனின் தாய்க்குப் பெண்வழிச் சந்ததி இல்லை. மகள் சாரா 1828இல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. எனவே நான்சி லூசியின் மகள் என்பதை டி.என்.ஏ. நேராகக் காட்டவில்லை. அதற்குக் குடும்பத்தார் சொன்னதும் ஹெர்ண்டனின் சாட்சியமும்தான் ஆதாரம்.

ஹெர்ண்டனை எப்படி எடைபோடுவது? கேட்டுப் பல ஆண்டு கழித்து எழுதியவர். லிங்கன் ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண்ணைக் காதலித்த கதையை அளவுக்கு மீறி வளர்த்தவர். ஆனாலும் லூசியின் பெயர் அவருடைய கற்பனை அன்று. குடும்பத்தாரிடமும் அதே பெயர் கிடைக்கிறது. லிங்கன் தமக்கே சங்கடமான ஒன்றைச் சொன்னார் என்பதும் நம்பகத்தைக் கூட்டுகிறது. லூசி கன்னிப் பெயரிலேயே ஹேங்க்ஸ், மகளும் ஹேங்க்ஸ், 1790இல் மணப்பிணை எழுதும்போதும் ஹேங்க்ஸ். இடையில் வேறொரு கணவன் இருந்ததற்கு ஒரு தாளும் இல்லை. இவ்வளவும் ஒரே திசையில் சாய்கின்றன.

என் தீர்ப்பு இது. நான்சி லூசியின் மகள் என்பது ஏறத்தாழ உறுதி. மணமின்றிப் பிறந்தவர் என்பது வலுவான சாத்தியம், நிரூபணம் ஆகவில்லை. வர்ஜீனியப் பண்ணையார் மட்டும் ஏற்கத் தகாதவர். அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு பதிவேட்டிலும் சுவடு இல்லை. தம் அறிவுக்கூர்மைக்கு மேட்டுக்குடி மூதாதை ஒருவரைக் காரணம் காட்ட லிங்கன் விரும்பியிருக்கலாம். அல்லது லூசி மகளிடம் அப்படிச் சொல்லியிருக்கலாம். குடும்ப நினைவு நிகழ்வைக் காத்து விவரத்தை நழுவவிடும் என்பதைக் கேப்டன் ஆபிரகாமின் மரண ஆண்டில் பார்த்தோம். இங்கே நழுவியது தந்தையின் அடையாளம். மரபு மரம் வரைகிறவர்கள் அந்தக் கட்டத்தில் எந்தப் பெயரையும் எழுதாமல் விட வேண்டும்.