கன்னத்துக்கு அடியில் கால் அங்குலம்

30 அங்குலக் குழல், ஃபுல் சோக் (குழல்முனையின் முழு இறுக்கம்), வால்நட் கட்டை, எழுபதுகளின் தயாரிப்பு. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் அடகுக் கடைப் பக்கம் போனால் இப்படியொரு ரெமிங்டன் 870 விங்மாஸ்டர் மூலையில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். வேட்டைக்காரர்கள் அதைச் சீண்டுவதில்லை. காரணம் வாத்து. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991-இல் நாடு முழுக்கத் தடை வந்தது. அதற்குப் பதிலாக வந்த எஃகு ரவையை இந்தப் பழைய இறுக்கமான குழல்களில் சுடக் கூடாது. வாத்துக்காரருக்கு உதவாமல் போன இந்தத் துப்பாக்கியின் விலை விழுந்துவிட்டது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் மைதானத்தில் இன்றும் ஈய ரவைதான். அங்கே விரும்பப்படுவதும் நீளக் குழலும் இறுக்கமான சோக்கும்தான். கையைக் கடிக்காமல் டிராப் பழக நினைப்பவருக்கு இதைவிட நல்ல வாங்கல் எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்வது அமெரிக்க டிராப். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியது வேறு வகை. அதில் பதினைந்து எறிபொறிகள், ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. இங்கே ஒரே பொறி, ஒரே தோட்டா. பொறி வீட்டுக்கு 16 கஜம் பின்னால் ஐந்து நிலைகள், நிலைக்கு ஐந்தாக மொத்தம் 25 களிமண் தட்டுகள். எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாது. ஆனால் எல்லாமே உங்களை விட்டு விலகி மேலேறிப் போகும். இந்த ‘மேலேறி’தான் விஷயமே.

870-இன் தொழில்நுட்ப விவரங்களை இங்கே அடுக்கத் தேவையில்லை. 1950-இலிருந்து 1 கோடிக்கு மேல் செய்து விற்ற, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா மாற்றும் பம்ப் துப்பாக்கி. உதிரிப் பாகம் கிடைக்காத ஊர் அமெரிக்காவில் இல்லை. செய்த நிறுவனம் இரண்டு முறை திவாலாகி, நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஆலை 2024-இல் மூடப்பட்டபோது எனக்கு நிஜமாகவே வருத்தம். துப்பாக்கிக்குப் பாதிப்பில்லை. எஃகைக் கடைந்து செய்த உடல் அது. நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

ஆனால் வாங்கியபடியே டிராப்புக்குக் கொண்டுபோனால் அது உங்களை அழவைக்கும். அதன் கட்டை வயல்வெளி வேட்டைக்கு வடிக்கப்பட்டது. கன்னம் பதியும் மேல்விளிம்பு குழலின் தளத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கும். தோள் பக்கம் போகப் போக இரண்டரை அங்குலம். காடைக்கும் முயலுக்கும் இது பொருத்தம். குறி வைத்த இடத்திலேயே ரவைக் கூட்டம் பாதி மேலும் பாதி கீழுமாக விழும். மேலேறிக்கொண்டே போகும் தட்டை இப்படிச் சுட வேண்டுமானால் குழல்முனையால் தட்டை மூடிவிட்டு விசையை அழுத்த வேண்டும். மூடினால் தட்டு கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று தலை தானாகக் கட்டையிலிருந்து எழும்பும். எழும்பிய கணமே குழல் நின்றுவிடும். தட்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பழகுநர் வரிசையில் பின்னாலிருந்து பெரியவர்கள் “தலையைத் தூக்காதே” என்று கத்திக்கொண்டே இருப்பதைக் கேட்கலாம். பாவம், பையன் என்ன செய்வான்? அவன் கையில் இருக்கும் துப்பாக்கியே தலையைத் தூக்கச் சொல்கிறது.

ரைஃபிளில் முன்குறியும் பின்குறியும் உண்டு. ஷாட்கன்னில் முன்னால் ஒரு மணி மட்டும். பின்குறி உங்கள் கண். அந்தக் கண் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கன்னத்துக்கு அடியிலுள்ள மரம் தீர்மானிக்கிறது. மரத்தைக் கால் அங்குலம் உயர்த்தினால், கண்ணுக்கும் மணிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கில் கொண்டு பார்த்தால், 35 கஜத்தில் ரவைக் கூட்டம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் மேலே போகும், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக. ஐம்பதுக்கு ஐம்பது என்றிருந்தது எழுபதுக்கு முப்பது ஆகிவிடும். இப்போது தட்டு மணியின் மேல் மிதக்கிறது, முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது. தலையைத் தூக்க அவசியமே இல்லை. டிராப்புக்கென்றே செய்த பிரவுனிங் பிடி-99 போன்றவற்றில் இந்த உயரத்துக்கும்தான் காசு கொடுக்கிறோம்.

இந்த உயரத்தை 870-இல் உண்டாக்க ஆகும் செலவு சொற்பம். கட்டை மேல் மாட்டும் நியோப்ரீன் உறை ஒன்று, அதற்குள் செருக வெவ்வேறு கனத்தில் நுரைப் பட்டைகள். மெல்லியதில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பெரிய வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி வைத்து, அதையே குறி பார்த்து நிதானமாகச் சில தோட்டாக்கள். ரவைக் கூட்டம் புள்ளிக்கு மேலே நகர்வது கண்ணுக்கே தெரியும். மைதானத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் தங்கள் துப்பாக்கி எங்கே சுடுகிறது என்று தாளில் பார்த்ததே இல்லை என்பது என் சந்தேகம். ஆனால் பளபளக்கும் புது சோக் குழாய் மட்டும் மாதத்துக்கொன்று வாங்குவார்கள். சோக் கூட்டத்தைச் சுருக்கும், விரிக்கும், மேலே தூக்காது. இதைச் சொன்னால் கோபம் வேறு வரும்.

அதே அடகுக் கடைகளில் 18 அங்குலக் குழல் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் ‘டாக்டிகல்’ வகைகளைப் பழகுநருக்குத் தள்ளிவிடுவதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் கட்டுரை முடியாது. துப்பாக்கி மலிவாக இருக்கலாம், குட்டையாக இருக்கக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. தோளிலிருந்து விசை வரை 14 அங்குலம். கை குட்டையானவருக்கு இது நீளம், பின்தகட்டைக் கழற்றி மரத்தைக் கொஞ்சம் அறுத்துவிட்டு நல்ல ரப்பர் மெத்தை போடலாம். பம்ப் துப்பாக்கியின் உதையைக் குறைக்க உள்ளே ஒரு பொறியமைப்பும் கிடையாது. டிராப் விதி ஒன்றேகால் என்றெல்லாம் போகாமல் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் ரவையோடு நிறுத்துகிறது. அதற்காக அந்த உச்சத்தையே சுட வேண்டும் என்பதில்லை. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், 16 கஜத்துக்குத் தாராளம். நாள் முழுக்க நூறு தட்டு சுட்டாலும் தோள் மன்னிக்கும். ஃபுல் சோக் பழகுநருக்குக் கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். பட்டால் தட்டு புகையாகும், இல்லையென்றால் சுத்தமாகத் தப்பும். ஓரம் உடைந்து கிடைக்கும் இனாம் மதிப்பெண் குறைவு. 1986-க்குப் பிந்தைய குழல்கள் பலவற்றில் சோக்கை மாற்றிக்கொள்ளலாம்.

பம்ப் என்றால் டிராப்பில் கொஞ்சம் ஏளனம் உண்டு. இத்தனைக்கும் 1950-இலேயே ரூடி எட்சன் என்ற டிராப் வீரர் புத்தம்புது 870-ஐ வைத்து இரட்டைத் தட்டுப் போட்டியில் நூற்றுக்கு நூறு உடைத்திருக்கிறார். ஒற்றைத் தட்டு ஆட்டத்தில் பம்ப் அடிக்க அவசரமே இல்லை. தானியங்கித் துப்பாக்கிக்காரர்களின் வெற்றுத் தோட்டா வலப்பக்கம் நிற்பவர் காதோரம் பறக்கும். இதில் முன்பிடியை மெல்ல இழுத்து, வெற்றுத் தோட்டாவை விரலால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். மறுபடி நிரப்பிச் சுடுகிறவருக்கு அதுவே காசு.

பழகிய பிறகு ஆசை வந்து பிடி-99 வாங்கினால் இதை விற்பதும் சுலபம். உறையை உருவி நுரையை எடுத்துவிட்டால் கட்டையில் ஆணித் துளைகூட இருக்காது. மரத்தை அறுக்காதவரை, வாங்கிய விலைக்கே போகும்.