இருபது குச்சியும் ஒரு மிட்டாயும்

கதை, நாடகம், சினிமா இவற்றை மட்டுமே விமரிசனம் செய்ய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஒரு விளையாட்டையும் செய்யலாம். அதற்கும் ஆரம்பம், வளர்ச்சி, முடிவு எல்லாம் உண்டு.

பீட்டர் ஸ்கில்மன் என்பவர் யோசித்து அமைத்து, டாம் வூஜெக் என்பவர் 2010-ல் ஒரு சொற்பொழிவின் மூலம் பிரபலமாக்கிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகள் 20, ஒரு கஜம் ஒட்டுநாடா, ஒரு கஜம் நூல், மார்ஷ்மெல்லோ என்கிற மெத்தென்ற மிட்டாய் ஒன்று. இவற்றைக் கொண்டு நாலு பேர் சேர்ந்து 18 நிமிஷத்தில் கோபுரம் கட்ட வேண்டும். உச்சியில் மிட்டாய் இருக்க வேண்டும். கோபுரம் தானாக நிற்க வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக விஞ்ஞான விழாக்களில் இதை வைக்கிறார்கள்.

அமைப்பு என்ற முறையில் இது உயர்ந்த சிருஷ்டி என்பது என் அபிப்பிராயம். சூட்சுமம் எல்லாம் அந்த மிட்டாயில் இருக்கிறது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. மெல்லிய குச்சிகளின் உச்சியில் வைத்ததும் கோபுரம் தலை சாய்கிறது. பெரியவர்கள் படம் போட்டு, விவாதித்து, கடைசி நிமிஷத்தில் மிட்டாயை வைக்கிறார்கள். முடிவைப் பற்றி யோசிக்காமல் நாவல் எழுதுகிறவனுக்கு நேர்வதே அவர்களுக்கும் நேர்கிறது. குழந்தைகளோ எடுத்த எடுப்பிலேயே மிட்டாயைக் குத்திவைத்துப் பார்க்கிறார்கள். விழுகிறது, மறுபடி கட்டுகிறார்கள். சதுரம் சரியும், முக்கோணம் நிற்கும் என்பதை அவர்களுடைய விரல்களே தெரிந்துகொள்கின்றன. வர்த்தக நிர்வாகம் படித்த பட்டதாரிகளைவிடப் பாலர் வகுப்புக் குழந்தைகள் நன்றாகக் கட்டினார்கள் என்று வூஜெக் சொல்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் நல்ல நாடகத்தையும் மோசமாக நடிக்கலாம் அல்லவா? அப்படிப்பட்ட விழா ஒன்றில் நான் பார்த்த சிறுமிக்கு ஏழு வயது இருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவதும் சாய்ந்தது, அவள் அதையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கொடும்மா, நேரமாச்சு, அப்பா கட்டித் தரேன்" என்று தகப்பனார் வாங்கிக்கொண்டார். அவர் கட்டியது நன்றாகவே நின்றது. அவளும் கை தட்டினாள், அடுத்த மேஜைக் கோபுரத்துக்குத் தட்டுவது போல.

அவர்மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். மேடையில் பரிசு இருந்தது. வூஜெக்கே ஒரு தடவை பத்துக் கோஷ்டிகளுக்கு 10,000 டாலர் பெறுமான பரிசு அறிவித்துப் பார்த்தார். ஒரு கோபுரம்கூட நிற்கவில்லை. பரிசு வந்தால் பயம் வருகிறது. பயந்தவன் சோதித்துப் பார்ப்பதில்லை. பயந்த தகப்பன் குழந்தையையும் சோதித்துப் பார்க்க விடுவதில்லை. அந்தச் சிறுமியிடமிருந்து பறிபோனது வெற்றி அல்ல, நாலாவது முறை.

இதை நடத்துகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். பரிசை எடுத்துவிடுங்கள். பெற்றோருக்குத் தனி மேஜை போட்டு, அவர்களுக்கும் இருபது குச்சி கொடுங்கள். தம்முடைய கோபுரத்தை நிறுத்துகிற கவலையில், மகளுடைய கோபுரத்தை அவளிடமே விட்டுவைப்பார்கள்.