கவ்மும் மில்லத்தும்: மௌலானா மதனீயின் நூல்

தேவ்பந்த் தாருல் உலூமின் தலைமை ஆசிரியராய்த் திகழ்ந்த மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்கள் 1938-இல் உர்தூவில் வரைந்த நூல் 'முத்தஹிதா கவ்மிய்யத் அவ்ர் இஸ்லாம்'. ஒன்றுபட்ட தேசியமும் இஸ்லாமும் என்பது அதன் பொருள். தேசம் நிலத்தால் அமைகிறது என்னும் கருத்தை அல்லாமா இக்பால் கடிந்துரைத்தார். அதற்கு அளித்த விடையே இந்நூல்.

கவ்ம் வேறு, மில்லத் வேறு என்பதே மௌலானாவின் வாதம். நூஹ், ஹூத் முதலான நபிமார்கள் தம்மை மறுத்தோரையும் "என் சமூகத்தாரே" என்றே விளித்ததைத் திருமறை காட்டுகிறது. மதீனத்து உடன்படிக்கையோ முஸ்லிம்களையும் யூதர்களையும் ஒரே கூட்டாக இணைத்தது. அரபு மொழியறிவோடு நோக்கின், இவ்வாதம் வலுவானதென்றே நாம் கருதுகிறோம்.

நம் ஊரும் இதற்குச் சான்று. கனகசெட்டிக்குளம் புதுவையைச் சேர்ந்தது; ஆயினும் கடற்கரைச் சாலை வழியே புதுவை நகர் செல்வோர் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்தைக் கடந்தே செல்கின்றனர். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளவும் இடமளித்தது. அவ்வாறு தேர்ந்தோர் எவரும் அதனால் தமிழரல்லாதார் ஆகிவிடவில்லை.

தனி அரசு கண்டால் குறை தீரும் என்போருக்கு வரலாறு வேறு விடை தருகிறது. 1947-இல் சமயத்தின் பெயரால் எழுந்த பாகிஸ்தான், 1971-இல் மொழிப் பிணக்கும் உரிமை மறுப்பும் முற்றிப் பிளவுண்டது. இலங்கையில் தமிழீழம் கோரிய விடுதலைப் புலிகள், 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோரை விரட்டினர். யாழ்ப்பாணத்தாருக்கு அளித்த அவகாசம் இரண்டே மணி நேரம். விரட்டியவர் மொழியும் தமிழ். விரட்டப்பட்டவர் மொழியும் தமிழ்!

ஈண்டு நூலின் குறையும் புலனாகிறது. மதீனத்து உடன்படிக்கை வெறும் நல்லெண்ணமன்று. கடமைகளை வகுத்து, பிணக்கு நேரின் தீர்ப்பவர் யாரென்றும் உரைத்த எழுத்தாவணம். மௌலானா ஒற்றுமையின் ஆகுமையை விரித்துரைத்த அளவுக்கு, அவ்வாக்கைக் காக்கும் கரம் எதுவென்பதை விரிக்கவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 29, 30-ஆம் பிரிவுகள் சிறுபான்மையோரின் மொழியையும் கல்விக்கூடங்களையும் காக்கின்றன. அவை ஏட்டில் உறங்காமல் நீதிமன்றத்திலும் ஆட்சிமன்றத்திலும் உயிரோடிருத்தல் வேண்டும்.

இந்நூலைப் படிப்போர் தம்மையும் ஒன்று வினவிக்கொள்ள வேண்டும். நாம் பெரும்பான்மையாய் வாழும் தெருவில் பிற சமயத்து அண்டைவீட்டார் அச்சமின்றி வாழ்கின்றனரா? நமக்கெனக் கேட்கும் உரிமையை அவருக்கு அளிக்கத் தவறினால், மௌலானாவின் வாதத்தைப் பிறரிடம் எடுத்துரைக்க நமக்கு என்ன தகுதி உண்டு?